இலை மூலையில் உப்பு

உப்பில்லாமல் சாப்பிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், சோறு எவ்வளவு வெள்ளையான பொருள் என்று. மற்றவர்கள் சோற்றைப் பார்ப்பதே இல்லை. குழம்பைப் பார்க்கிறார்கள், கருவாட்டைப் பார்க்கிறார்கள். நான் பல மாதம் சோற்றை மட்டுமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே வேலையாட்கள் குடியிருந்த கோட்டர்ஸில், பின்கட்டு அடுப்படியில். கல்யாணமாகிக் கப்பலேறி வந்த மறு வருஷம் அது.

வந்த புதிதிலேயே குளிர்சுரம் கண்டது. கொய்னா மாத்திரையை முழுங்கி முழுங்கிச் சுரம் ஒருவழியாக விட்டது. ஆனால் போகிற போக்கில் வீக்கத்தை விட்டுவிட்டுப் போனது. முதலில் கண் இமை ஊதியது. பிறகு முகம். பிறகு கால். காலில் போட்ட மெட்டி சதைக்குள் புதைந்து, விரலைச் சுற்றி ஒரு பள்ளம் மாத்திரம் தெரிந்தது. தோலெல்லாம் பழுத்த இலை நிறம். கண்ணாடியில் பார்த்தால் யாரோ பணக்கார வீட்டுப் பெண் மாதிரி கொழுகொழுவென்று இருந்தேன். நடந்தால் மூச்சு வாங்கியது.

என் வீட்டுக்காரருக்கு ரயிலில் விளக்கு வேலை. பொழுது சாய்கிற நேரத்தில் மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு போய், சிக்னல் கம்பம் ஒவ்வொன்றிலும் ஏறி விளக்குக்கு எண்ணெய் ஊற்றித் திரி ஏற்றிவிட்டு வருவார். எங்கள் பின்பக்கச் சன்னல் வழியே பார்த்தால் தண்டவாளம் தெரியும். இருட்டுக் கூடுகிற அந்த வேளையில் ஒரு சிவப்புப் பொட்டு எழும், கொஞ்சம் கழித்துத் தூரத்தில் ஒரு பச்சைப் பொட்டு. அவர் இப்போது இங்கே இருக்கிறார், இப்போது அங்கே இருக்கிறார் என்று நான் சன்னலில் இருந்தபடியே அவர் கூட நடந்து போவேன். பேச்சு குறைந்த மனிதர். எனக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது. இதை அந்த நாளில் வாய்விட்டு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது சொல்வதில் என்ன வெட்கம்.

அவருடைய அண்ணன் கிள்ளானில், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரி. புருஷனின் அண்ணனை நாங்கள் மூத்தார் என்போம். பெண் பார்த்ததும் அவர்தான், கப்பலுக்குச் சீட்டு எடுத்ததும் அவர்தான். ஆகையால் வாங்கி வந்த பொருள் சொத்தையாகப் போனது போல அவருக்கு என்மேல் ஒரு கோபம். என் வீக்கத்தைப் பார்த்துவிட்டு, என்னை ஊருக்கு அனுப்பிவிடச் சொன்னார். அப்பன் வீட்டில் கிடந்து குணமானால் திரும்பி வரட்டுமாம். அப்படிப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. அவர்கள் போன கப்பலுக்கு அடுத்த கப்பலிலேயே வேறொரு பெண் வந்து இறங்கியதைத்தான் கோட்டர்ஸ் முழுக்கப் பார்த்திருக்கிறது.

எனக்கு ஊர் ஏக்கமெல்லாம் கிடையாது. அங்கே நான் விட்டு வந்தது ஒரு கூட்டம் அண்ணன் தம்பிகளையும், அவர்களுக்குத் துவைத்துப் போட்ட துணிகளையும்தான். இங்கே ஒரே ஒரு அறை என்றாலும் என் கதவு, என் அடுப்பு, சன்னலுக்கு வெளியே என் சிவப்புப் பொட்டு. போகமாட்டேன் என்று அழுதேன். கடைசியில் என் வீட்டுக்காரர் அண்ணனிடம் கெஞ்சி ஒரு தவணை வாங்கினார். தீபாவளி கழிந்து வருகிற நாகப்பட்டினம் கப்பலுக்குள் வீக்கம் வடிந்தால் நான் இருக்கலாம். இல்லையென்றால் ஏற வேண்டும்.

கிள்ளானில் பாசார் என்கிற சந்தைக்குப் பின்னால் நாட்டு மருந்துக் கடை வைத்திருந்த ஒரு வைத்தியரிடம் கூட்டிப் போனார். வெற்றிலையை அதக்கியபடியே பேசுகிற மனிதர்; பேச்சில் பாதி வெற்றிலைக்குள்ளேயே நின்றுவிடும். நாடியைப் பிடித்துப் பார்த்தார், இமையை இழுத்துப் பார்த்தார், கணுக்காலில் கட்டைவிரலை அழுத்திப் பள்ளம் எழும்பி வருகிற வரைக்கும் காத்திருந்தார். ஊதுகாமாலை என்றார். மோரில் கலந்து குடிக்கச் செந்தூரம் கொடுத்தார். பிறகு பத்தியம் சொன்னார்: உப்பு கூடாது, புளி கூடாது, மிளகாய், எண்ணெய், கருவாடு எதுவும் கூடாது. மருந்து எத்தனை நாளோ அத்தனை நாள் மருந்து நின்ற பிறகும் மறுபத்தியம் இருக்க வேண்டும். அதற்கும் பிறகுதான் உப்பு; அதுவும் முதலில் வறுத்த உப்பு.

திரும்பி வருகிற ரயிலுக்குக் காத்திருக்கும்போது கடல் பக்கமிருந்து காற்று அடித்தது. உதட்டை நக்கினேன். லேசாகக் கரித்தது. இதுவும் பத்தியத்துக்கு ஆகாதோ என்று அவரிடம் கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, காற்றுக்கு வைத்தியர் ஒன்றும் சொல்லவில்லை என்றார்.

உப்பு போன பிறகு உலகமே கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. எல்லாம் தெரிந்தது, எதுவும் கிட்டே வரவில்லை. ரயில் போகிற சத்தம்கூடப் பஞ்சுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டால் ஓட்டுக் கூரையில் அது விழுகிற சத்தத்தில் கண் சொக்கும். சொக்கினால் உடனே கப்பல். நான் வந்த கப்பலின் மேல்தட்டில் நிற்கிறேன். அலை எழும்பி முகத்தில் அடிக்கிறது. கன்னம், உதடு, முந்தானை எல்லாம் உப்பு பூத்துக் கிடக்கிறது. முந்தானையை வாயில் வைத்துச் சப்புகிறேன். விழித்தால் நிஜமாகவே முந்தானை வாயில் இருக்கும், கஞ்சி வாசனையோடு. கனவிலும் எனக்குக் கப்பல் பிடிக்கவில்லை. அதன் மேல் இருந்த உப்புதான் பிடித்தது.

எனக்குத்தான் பத்தியம். அவருக்குச் சமைக்க வேண்டுமே. எங்கள் வீட்டில் சமைக்கும்போது ருசி பார்க்கிற பழக்கம் இல்லை, எச்சிலாகிவிடும். வாசனையிலும் கை அளவிலும்தான் சமையல். உப்பை மறந்த நாக்கு உள்ளவளுக்குக் கை அளவும் மறந்துபோகும் என்று அப்போது எனக்குத் தெரியாது. போடுவேன், போதாது என்று தோன்றும், இன்னும் கொஞ்சம் போடுவேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு, பிறகு செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பார். விளக்கு வேலைக்காரருக்குத் தாகம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் நான் சாப்பிடுவேன். கல்யாணத்தன்று தொடங்கியது. எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி என்றால் அப்படித்தான். கோட்டர்ஸுக்குப் பின்னால் சாக்கடை ஓரமாக நின்ற வாழையில் வேளைக்கு ஒரு இலை அறுத்து வருவேன். இரண்டு பேருக்கும் அது ஒன்றுதான். பத்தியம் தொடங்கிய பிறகும் அதை நான் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வைத்தியர் எதைச் சாப்பிடக்கூடாது என்று சொன்னார். எதில் சாப்பிடக்கூடாது என்று சொல்லவில்லை.

இலையின் இடது மூலையில் முதலில் உப்பு வைப்பது வழக்கம். பக்கத்தில் எலுமிச்சை ஊறுகாய். அவர் எழுந்து கை கழுவப் போனதும் நான் உட்கார்ந்து, என் வெறும் சோற்றைப் போட்டுக்கொள்வேன். முதல் சில நாட்கள் மூலையை நீர் தெளித்துத் துடைத்தேன். ஒருநாள் துடைக்க மறந்தேன். மறந்ததாகத்தான் வைத்துக்கொண்டேன். சோற்றைப் பிசைந்த கை தானாக அந்தப் பக்கம் போனது. ஒரு விரல் நுனிதான். அந்த விரல் நுனி நாக்கில் பட்டதும் தள்ளிப் போயிருந்த உலகம் அத்தனையும் திடுமென்று கிட்டே வந்துவிட்டது. எங்கோ ஒரு வண்டிக்காரர் மாட்டை அதட்டுகிற குரல், அடுப்பில் விறகு முறிகிற சத்தம், வெளியே காய்கிற துணியின் ஈர வாசனை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு என்ன சொல்ல. அவருக்குப் பரிமாறும்போது மூலையில் ஒரு சிட்டிகைக்கு இரண்டு சிட்டிகையாக வைத்தேன். ஊறுகாயில் சாறு உள்ள துண்டாகப் பார்த்து வைத்தேன். பாதியாவது மிஞ்ச வேண்டுமே. மிஞ்சியது. என் நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டேன். பின்வரிசையில் ஸ்டேஷன் கிளார்க்கின் மனைவி ஒரு அக்கா இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். இடியப்பம் அவித்தால் உப்பில்லாமல் எனக்கென்று தனியாக இரண்டு அவித்துக் கொண்டுவருகிற அளவு பாசம். அவர் ஒருநாள் நான் அந்த இலையில் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சீக்கிலும் புருஷன் இலையை விடாத பெண்ணைத் தான் கண்டதில்லை என்று கோட்டர்ஸ் முழுக்கச் சொல்லி வந்தார். குழாயடியில் எனக்குப் பெரிய பெயர். பதிவிரதை என்று ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிடவே செய்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதையும் அடக்கம் என்றார்கள்.

நடுவில் ஒருமுறை மெட்டி தளர்ந்து விரலில் ஆடத் தொடங்கியிருந்தது. இப்போது மறுபடியும் நின்றுவிட்டது. ஒரு மழை மத்தியானம் நான் பாயில் கிடந்து வழக்கம் போலக் கப்பலில் நின்றுகொண்டிருந்தபோது காலில் ஏதோ பட்டது. கண்ணைத் திறந்தால் அவர் என் கால்மாட்டில் உட்கார்ந்து, மெட்டியை மெல்லத் திருப்பிப் பார்க்கிறார். திரும்பவில்லை. பள்ளம் பழையபடி விழுந்திருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. விளக்குக் கண்ணாடியில் கரி பிடித்திருந்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படி என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் லீவு சொல்லிவிட்டு என்னைக் கிள்ளானுக்குக் கூட்டிப் போனார்.

வைத்தியர் கட்டைவிரலை அழுத்தினார். பள்ளம் எழும்பி வரவே இல்லை போல எனக்குத் தோன்றியது. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். வாய் காலியாக அவர் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"என்ன சாப்பிட்டே?"

பத்தியச் சோறுதான், மோர்தான், பாசிப்பயறுதான் என்று ஒப்பித்தேன். அவர் நம்பவில்லை. சமையல் யார் என்றார். எந்தச் சட்டியில் என்றார். எல்லாவற்றுக்கும் எனக்குப் பதில் இருந்தது. அப்போது பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"நான் சாப்பிட்ட எலையிலதான் இது சாப்பிடுது."

வைத்தியர் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.  வழக்கப்படிதானே சாப்பிட்டேன் என்று ஒதுங்கிக்கொள்ள நல்ல இடம் அது. ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியாத கோபம். வெறும் சோறு மேல், கப்பல் மேல், குழாயடியில் என்னைக் கும்பிட்ட கிழவர் மேல்.

"உப்பு வேணும்னுதான் சாப்பிட்டேன்," என்றேன். "அதுக்காகவே ரெண்டு சிட்டிகை வச்சேன்."

வைத்தியர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. இந்தப் பத்தியத்தில் நாக்கு இப்படித்தான் திருட்டு வழி தேடும் என்றும், முற்றுவதற்குள் வந்தது நல்லது என்றும் சொன்னார். பழைய நாட்கள் எதுவும் கணக்கில் சேராது. இன்றிலிருந்து முதல் நாள். மருந்தும் மறுபத்தியமும் கப்பலுக்கு முன்னால் மட்டுமட்டாக முடியும். இன்னொரு முறை தவறினால் முடியாது. மருந்துப் பொட்டலத்தை நீட்டும்போது என்னிடம் இல்லாமல் என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். ஏதோ பத்தியம் அவருக்கும் என்பது போல.

திரும்பி வருகிற ரயிலில் ஏறினோம். சன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகத் திரும்பிக்கொண்டே வந்தன. ஒரு வரிசையின் கடைசியை எட்டிப் பார்ப்பதற்குள் அடுத்த வரிசை வந்துவிடும். எல்லாம் முதலிலிருந்து. போன தடவை தெரியாமல் தொடங்கினேன். இந்தத் தடவை அந்த வெள்ளைச் சோறு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் எனக்கென்று தனி இலை போட்டேன். அவர் இலையை உடனே எடுத்து எறிந்துவிட்டு, அப்புறம்தான் உட்கார்ந்தேன். சுத்தமான, பச்சையான, ஒருவர் கையும் படாத இலை. அதைப் பார்க்கப் பார்க்க என் வீட்டிலேயே நான் விருந்தாளி ஆகிவிட்டது போல அழுகை வந்தது. கை என்னமோ இடது மூலைக்கே போய்ப் போய்த் திரும்பியது. அடுத்த நாளே பின்வரிசை அக்கா வந்து, சாக்கடையில் இரண்டு இலை கிடக்கிறதே, புருஷனோடு சண்டையா என்று விசாரித்தார். கோட்டர்ஸில் இரண்டு இலை என்றால் அதற்கு அதுதான் அர்த்தம். இல்லை என்றேன். நம்பவில்லை. அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் ஊறுகாயை விரலில் நக்கிய சத்தம் எனக்குப் பொறுக்கவில்லை; அகப்பையைச் சுவரில் எறிந்தேன். அகப்பைக் காம்பு கழன்று ஓடியது. அவர் எழுந்து போய் அதைப் பொறுக்கி வந்து, உட்கார்ந்து, காம்பைச் செருகிக் கொடுத்தார்.

மறுநாள் மத்தியானம் இலை போட்டுவிட்டு அவரைக் கூப்பிட்டேன். வந்தவர் இலைக்கு முன்னால் உட்காராமல் எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நீ முதல்ல சாப்பிடு. உன் எலையில நான் சாப்பிடுறேன்."

எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் காதைப் பொத்திக்கொண்டேன். பெண்டாட்டி எச்சில் இலையில் புருஷன் சாப்பிடுவதா? எனக்கு நரகமா, அவருக்குப் பைத்தியமா என்றெல்லாம் கத்தினேன். ஊர் சிரிக்கும் என்றேன்.

"சிரிக்கட்டும். கப்பல்ல ஏறப் போறது ஊரு இல்ல, நீ."

அதற்கு மேல் பேசவில்லை. பேசாமல் உட்கார்ந்திருப்பதில் அவரை ஜெயிக்க முடியாது. சோறு ஆறியது. வேலைக்குப் போகும் நேரம் நெருங்கியது; பட்டினியாகக் கம்பம் ஏறப் போகிறார் என்ற பயத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மூலை காலியாக இருந்தது. அவர் உட்காராததால் நான் இன்னும் உப்பு வைக்கவே இல்லை. அங்கே தேட ஒன்றுமில்லை என்று கைக்கும் தெரிந்துவிட்டது. நான் எழுந்ததும் அவர் அதே இலையில் உட்கார்ந்தார். அப்போதுதான் உப்பு வைத்தேன். அவர் சாப்பிட்டு முடித்ததும் நான் இலையை எடுக்கக் குனிந்தேன். அவர் என் கையை விலக்கி, தானே இலையை மடித்து, தானே கொண்டுபோய்ச் சாக்கடை ஓரம் போட்டுவிட்டு வந்தார். மிச்ச உப்பு என் கண்ணில் படாமல் போனது.

எச்சில் இலையை ஆண்பிள்ளை எடுப்பதை யாராவது பார்க்காமல் இருப்பார்களா. அக்கா பார்த்துவிட்டார். அன்று மாலையே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"என்ன பிள்ளை, அவர் உன்ர இலையிலயோ சாப்பிடுறவர்?"

ஆமாம் என்றேன். அவர் வாயில் கை வைத்துக்கொண்டார். குழாயடியில் நான் பதிவிரதையாக இருந்தது அன்றோடு சரி. புருஷனை முந்தானையில் முடிந்துவைத்திருக்கிறவள் என்று புதுப் பெயர். வசிய மருந்து வைத்துவிட்டேன் என்றுகூட ஒருத்தி சொன்னாளாம். குடத்தை வைத்துவிட்டு நான் நிற்க, மற்றவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. திருடித் தின்றபோது கும்பிட்டார்கள், ஒழுங்காக இருந்தபோது ஒதுக்கினார்கள் என்று நினைத்தால் சிரிப்பும் வந்தது. அக்கா மட்டும் வருவதை நிறுத்தவில்லை. உப்பில்லாத இடியப்பமும் நிற்கவில்லை.

அப்படியே நாட்கள் போயின. தீபாவளி வந்தது, வரிசை முழுக்க எண்ணெய்ச் சட்டி காய்ந்த வாசனையில் நான் மோர் குடித்துவிட்டுப் படுத்திருந்தேன். கனவில் கப்பல் இன்னும் வந்தது. ஆனால் நான் மேல்தட்டில் இல்லை. கரையில் நின்றேன். அலை என் பக்கம் வராமல், கப்பல் ஓசையில்லாமல் விலகிப் போய்க்கொண்டே இருந்தது. அது சிறுத்துச் சிறுத்துக் கடைசியில் ஒரு சிவப்புப் பொட்டாகிவிடும். கண் விழித்தால் சன்னலுக்கு வெளியே அவர் ஏற்றிய விளக்கு எரியும். எது எது என்று தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன். ஒருநாள் விழிக்கையில் காலை அசைத்தேன். மெட்டி விரலில் சுற்றியது. யாரோ சத்தம் போடாதே என்று சொன்னது போல நான் மறுபடி அசைக்காமல் படுத்திருந்தேன். 

மறுபத்தியம் முடிய இன்னும் சில நாள் இருக்கும்போது, எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே கப்பல் வந்துவிட்டது. மூத்தார் கிள்ளானிலிருந்து என்னைக் கூட்டிப்போக வந்தார். வந்தது சரியாக மத்தியானச் சாப்பாட்டு வேளையில். என் பெட்டியைக் கட்டியாயிற்றா என்று வாசலிலேயே கேட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மூத்தார் இருக்கிற இடத்தில் நாங்கள் உட்காருவதுகூடக் கிடையாது. கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேச்சு.

அவசரமாக நெத்திலிக் கருவாடு வதக்கிக் குழம்பு வைத்தேன். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பழையபடி இரண்டு இலை போட்டேன், மூலையில் உப்பு வைத்தேன். மூத்தார் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் உட்காரவில்லை.

"அண்ணே, நீங்க ஆரம்பிங்க. இது சாப்பிட்டாத்தான் நான் சாப்பிடுவேன்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ உக்காரு," என்றார்.

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூத்தார் முன்னால், அவருக்குச் சமமாக, புருஷனுக்கு முன்னால். அது நடக்காத காரியம். இன்று ஒருநாள் பழைய முறைப்படி போகட்டும், பெரியவர் மரியாதை முக்கியம் என்று எனக்குள் ஒன்று நயமாகச் சொன்னது. அதைக் கேட்டுக்கொண்டே இருந்தபோது வாயில் எச்சில் ஊறியது. அப்போதுதான் அது யார் பேச்சு என்று தெரிந்தது. மரியாதை பேசியது என் நாக்கு. அவர் இலையில் நான் வைத்த உப்பைத்தான் அது பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த உப்பை வழித்து வெளியே எறிந்தேன். இலையை ஒருமுறைக்கு இரண்டு முறை கழுவினேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, என் வெறும் சோற்றைச் சாப்பிட்டேன். பின்னால் மூத்தார் சோறு பிசைகிற சத்தம் நின்றுபோயிருந்தது. கண்ணீர் சோற்றில் விழுந்தது. அதுவும் உப்புதானே என்று அந்த நிலையிலும் தோன்றியது. நான் எழுந்ததும் என் வீட்டுக்காரர் ஒன்றுமே நடக்காதது போல அந்த இலையில் உட்கார்ந்து, குழம்பு ஊற்று என்றார்; ஊற்றிவிட்டு மறுபடி கதவுக்குப் பின்னால் போய் நின்றேன்.

மூத்தார் தம்பியின் இலையைப் பார்த்தார். தரையோடு பார்வையை ஓட்டிக் கதவுக்குக் கீழே என் காலைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு ஒரு கவளம் சாப்பிட்டு முகத்தைச் சுளித்தார்.

"குழம்பு இப்படிக் கரிக்குதே. தினமும் இதையாடா சாப்பிடுறே?"

"பழகிப்போச்சுண்ணே."

கை கழுவிவிட்டு வந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பெட்டியைக் கேட்கப் போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, காலு வத்திப்போச்சு, சீட்டைத் திருப்பிக் குடுத்திடறேன் என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். ஸ்டேஷன் பக்கம் அவர் திரும்புகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அசையாமல் நின்றோம்.

மறுபத்தியம் முடிந்த அன்று கல்லுப்பை வாணலியில் போட்டு வறுத்தேன். மழை தொடங்கும்போது ஓட்டில் விழுகிற முதல் துளிகள் போல அது படபடவென்று பொரிந்தது. இலை போட்டு, என் சோற்றில் கை அளவாக அந்த உப்பைப் போட்டுப் பிசைந்து, ஒரு வாய் வைத்தேன். வைத்த வேகத்தில் துப்பினேன். கடலையே வாயில் கொட்டினது போலக் கரித்தது. வைத்தியர் சொன்னபடி வறுத்ததில் ஏதோ பிசகிவிட்டது என்று என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் ஒரு கவளம் வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு. நீ எனக்கு இத்தனை நாளாப் போட்டது இதே அளவுதான்."

 செம்பு செம்பாக அவர் குடித்த தண்ணீர் நினைவுக்கு வந்தது. குழம்பே அப்படிக் கரிக்கும்போது மூலையில் உப்பு எதற்கு, அதையும் ஏன் ஒருநாளாவது வேண்டாம் என்று சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் சன்னல் பக்கம் பார்த்தார்.

"நான் தொட்டதே இல்ல. உனக்குத்தான் விட்டு வச்சேன். நீ அதப் பாத்துக்கிட்டே பரிமாறுவே... எனக்குத் தாங்கல."

வைத்தியர் பொட்டலத்தை அவரிடம் நீட்டியது நினைவுக்கு வந்தது. ஒழுங்காகச் செருகிய அந்த அகப்பையால் அவர் முழங்காலில் ஒன்று போட்டேன். அழுதேன். பிறகு தண்ணீர் விட்டுப் பிசைந்து மிச்சத்தைச் சாப்பிட்டேன். அவர் எதிரே சுவரில் சாய்ந்து, தன் முறைக்காகக் காத்திருந்தார். நான் எழுந்திருக்கும்போது, வறுத்த உப்பில் ஒரு சிட்டிகை இலை மூலையில் அவருக்கென்று விட்டுவிட்டு எழுந்தேன்.